ஒரே பாட்டோடு காணாமல் போனார்களா பகிள்ஸ்?

கேள்வி: என் மகன் பழைய ஆங்கிலப் பாடல்களை வீட்டில் ஓயாமல் போடுகிறான். அவற்றில் ‘வீடியோ கில்டு தி ரேடியோ ஸ்டார்’ என்ற பாட்டு எனக்கும் பிடித்துவிட்டது. இந்த மெட்டை ஏதோ இந்திப் படத்தில் கேட்ட நினைவும் இருக்கிறது. பாடியவர்கள் பகிள்ஸ் என்ற குழுவாம். அவர்களுடைய வேறு பாட்டு எதுவும் அவனுக்கே தெரியவில்லை. “எம்டிவியில் முதன்முதலாக ஒளிபரப்பானது இதுதான். எம்டிவி தூக்கிவிட்டதால் பிரபலமானார்கள். அப்புறம் சரக்குத் தீர்ந்து காணாமல் போய்விட்டார்கள்” என்கிறான். இப்படி ஒரு பாட்டைப் போடத் தெரிந்தவர்களுக்கு இன்னொன்று போடத் தெரியாதா? ஏன் மறைந்தார்கள்?

— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இசைப் பிரியர்கள் பலர் இந்தக் குழுவைப் பற்றி ஒரே ஒரு தகவலோடு நின்றுவிடுகிறார்கள். அதைத் தாண்டி “ஏன்” என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் உங்கள் நினைவைப் பாராட்டிவிடுகிறேன். நீங்கள் கேட்ட இந்திப் படம் 1982இல் வந்த ‘டிஸ்கோ டான்ஸர்’. இசை பப்பி லஹிரி. அதில் உஷா உதுப் தன் கனத்த குரலில் பாடும் பாட்டின் மெட்டு இந்த ஆங்கிலப் பாட்டிலிருந்து எடுத்ததுதான். பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப் அதைப் பாடிய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். மெட்டு கடன் வாங்கியதென்றாலும் குரலில் இருக்கும் துணிச்சல் அவருக்கே சொந்தம்.

இனி உங்கள் மகன் சொன்னதற்கு வருவோம். எம்டிவியின் முதல் வீடியோ இதுதான் என்பது சரி. 1981 ஆகஸ்ட் 1ஆம் தேதி, நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடத்தில் அமெரிக்காவில் அந்தச் சேனல் தொடங்கியது. முதலில் ஒளிபரப்பானது பகிள்ஸின் வீடியோ. ஆனால் எம்டிவிதான் அவர்களைத் தூக்கிவிட்டது என்பதைத் தேதிகள் ஒப்புக்கொள்ளாது. பாட்டு வெளியானது 1979 செப்டம்பரில். அடுத்த மாதமே பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போய்விட்டது. ஆஸ்திரேலியா உட்பட வேறு பல நாடுகளிலும் முதலிடம். எம்டிவி பிறந்தபோது பாட்டுக்கு ஏறக்குறைய இரண்டு வயது. வெற்றி முதலில், சேனல் பிறகு.

அப்படியானால் சேனல் இதை ஏன் முதலில் போட்டது? “வானொலி நட்சத்திரத்தை வீடியோ கொன்றுவிட்டது” என்று பொருள் தரும் தலைப்பு. நாள் முழுக்கப் பாட்டு வீடியோ மட்டுமே காட்டப்போகும் சேனலுக்கு இதைவிடப் பொருத்தமான முதல் அறிவிப்பு கிடைக்காது. இரண்டாவது காரணம் நடைமுறை சார்ந்தது. அமெரிக்க இசைக் கம்பெனிகள் அப்போது வானொலியையும் மேடைச் சுற்றுப்பயணங்களையும்தான் பெரிதும் நம்பின. அதனால் காட்டுவதற்கு வீடியோக்களே அங்கே குறைவு. பிரிட்டனில் நிலைமை வேறு. பிபிசியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ போன்ற தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குப் பாடகர்களால் நேரில் வர முடியாதபோது ஒரு சிறு படத்தை எடுத்து அனுப்பிவிடுவார்கள். ஐரோப்பிய நாடுகளுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அந்தப் படமே போகும். அப்படி எடுக்கப்பட்ட பிரிட்டிஷ் வீடியோக்கள் பல தயாராக இருந்தன. எம்டிவியின் ஆரம்ப நாட்களில் பிரிட்டிஷ் நியூ வேவ் குழுக்களின் முகங்கள் நிறையத் தெரிந்ததற்கு இதுவே காரணம். நியூ வேவ் என்பது 1976, 77இல் பங்க் இசை எழுப்பிய புயல் சற்று அடங்கியதும் வந்த அலை. பங்கின் சுருக்கமும் வேகமும் இருக்கும். கூடவே நல்ல மெட்டு, சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உண்டாக்கும் கீபோர்டு), நவீன வாழ்க்கை பற்றிய கற்பனை எல்லாம் சேர்ந்திருக்கும்.

பகிள்ஸ் வீடியோவை இயக்கியவர் ரஸ்ஸல் மல்கேஹி என்ற ஆஸ்திரேலியர். பின்னாளில் ‘ஹைலேண்டர்’ படத்தை எடுத்தவர். வீடியோவில் கறுப்பு உடையில் சிந்தசைசர் வாசித்துக்கொண்டு ஓர் இளைஞர் சில நொடிகள் தெரிவார். அவர் ஹான்ஸ் ஸிம்மர். இன்று ஏ.ஆர்.ரஹ்மானோடு சேர்ந்து ‘ராமாயணா’ படத்துக்கு இசையமைக்கும் அதே ஸிம்மர். மகனிடம் சொல்லிப் பாருங்கள், அடுத்த நிமிடமே வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்ப்பான்.

அடுத்தது, “வேறு பாட்டே இல்லை” என்பது. இதுவும் முழு உண்மை இல்லை. 1980 தொடக்கத்தில் வெளியான ‘தி ஏஜ் ஆஃப் பிளாஸ்டிக்’ என்ற அவர்களுடைய முதல் ஆல்பத்திலிருந்து ‘லிவிங் இன் தி பிளாஸ்டிக் ஏஜ்’ பிரிட்டனில் 16ஆம் இடம் வரை போனது. ‘கிளீன், கிளீன்’ 38ஆம் இடத்தையும் ‘எல்ஸ்ட்ரீ’ 55ஆம் இடத்தையும் எட்டின. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கீழே இறங்கியது உண்மை. ஆனாலும் 16ஆம் இடம் தோல்வி இல்லை. அமெரிக்காவில் கதை வேறு. உலகம் கொண்டாடிய அந்தப் பாட்டே அங்கே 40ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. மற்றவை காதில் விழவே இல்லை. “ஒன் ஹிட் வொண்டர்”, அதாவது ஒரே ஒரு வெற்றிப் பாட்டோடு நின்றவர்கள் என்ற முத்திரை, இந்த ஒரு பாட்டை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டிய எம்டிவியின் வழியாகத்தான் அழுத்தமாகப் பதிந்தது. பாட்டுக்கு வெற்றி தந்தது எம்டிவி இல்லை என்றேன். அந்தக் குழுவை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம் என்பதைத் தீர்மானித்தது அதுதான்.

இப்போது உண்மையான காரணத்துக்கு வருகிறேன். பகிள்ஸ் நாம் நினைக்கும் பொருளில் ஒரு குழுவே கிடையாது.

பள்ளித் தோழர்கள் நாலு பேர் சேர்ந்து, ஊர் ஊராக வாசித்து, பெயர் வாங்கி, பிறகு ரெக்கார்டு போடுவது ராக் குழுக்களின் வழக்கம். பகிள்ஸ் அப்படித் தொடங்கவில்லை. ட்ரெவர் ஹார்ன் கிடாரும் பாஸ் கிடாரும் வாசித்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர். ஜெஃப் டௌன்ஸ் கீபோர்டு கலைஞர். இருவரும் 1976இல் டீனா சார்ல்ஸ் என்ற டிஸ்கோ பாடகியின் பின்னணி வாத்தியக் குழுவில் சந்தித்தார்கள். டீனா சார்ல்ஸை அந்த ஆண்டு பிரிட்டனில் முதலிடத்துக்குக் கொண்டுபோன தயாரிப்பாளர் யார் தெரியுமா? பெங்களூரில் பிறந்த நம் பித்து. ‘குங்ஃபூ ஃபைட்டிங்’, ‘குர்பானி’ படத்தின் ‘ஆப் ஜைசா கோயி’, நாஸியா ஹசனின் ‘டிஸ்கோ தீவானே’ எல்லாம் அவர் கைவண்ணம்தான். ஒரு பாட்டை ஸ்டுடியோவில் அடுக்கடுக்காகக் கட்டி எழுப்பும் பித்துவின் பாணி இந்த இருவரின் ஆரம்ப வேலையில் செல்வாக்கு செலுத்தியது. மேற்கத்திய இசை வரலாற்றில் பித்துவுக்கு உரிய இடத்தை நாமே சரியாகக் கொடுக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

மூன்றாவது ஆள் ப்ரூஸ் வூலி. ஹார்ன், டௌன்ஸ், வூலி மூவரும் சேர்ந்து எழுதிய பாட்டுதான் இது. கரு கொடுத்தவற்றில் ஒன்று, ஜே.ஜி.பாலார்டு 1960இல் எழுதிய ‘தி சவுண்ட் ஸ்வீப்’ என்ற அறிவியல் சிறுகதை. காதுக்குக் கேட்காத மீயொலி இசை வந்து பழைய பாடகர்களை வேலையில்லாதவர்களாக்கிவிட்ட எதிர்காலம். கைவிடப்பட்ட வானொலி நிலையத்தில் மறக்கப்பட்ட ஓர் ஆப்பரா பாடகி வாழ்கிறாள். சுவர்களில் தங்கிவிட்ட ஒலிகளை உறிஞ்சியெடுக்கும் வேலை செய்யும், பேச முடியாத ஒருவன் அவள்மீது அன்பு வைக்கிறான். பாட்டில் இருக்கும் ஏக்கம் இங்கிருந்து வந்தது. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1978இல் வெளியிட்ட ‘தி மேன் மெஷின்’ ஆல்பத்திலும் இவர்கள் மயங்கிக் கிடந்தார்கள். இரண்டையும் சேர்த்து ஹார்ன் ஒரு கற்பனையை வளர்த்தார். வருங்காலத்தில் இசைக் கம்பெனிக்குப் பாடகர்களே தேவைப்படமாட்டார்கள். நிலவறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். அதுவே பாட்டு எழுதும், அதுவே குழுக்களை உருவாக்கும். அப்படி அது உருவாக்கிய, ஒரே ஒரு வெற்றிப் பாட்டு வைத்திருக்கும், முகம் முக்கியமில்லாத ஒரு குழுதான் பகிள்ஸ். பீட்டில்ஸ் பெயரைச் சிதைத்து வைத்த பெயர். ஆக, நீங்கள் கேட்கும் மறைவு அந்தக் கற்பனையிலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது!

வூலி சீக்கிரமே பிரிந்து தன் சொந்தக் குழுவான கேமரா கிளப்போடு இதே பாட்டைப் பதிவு செய்தார். அது கிடார் முன்னே நிற்கும், வேகமான, துடிப்பான வடிவம். அதைக் கேட்டுவிட்டு ஹார்ன், டௌன்ஸ் வடிவத்தைக் கேட்டால் இவர்கள் செய்த காரியம் எவ்வளவு பெரியது என்பது புரியும். ஒரே மெட்டு, ஒரே சொற்கள். வூலியுடையது நல்ல பாட்டு. இவர்களுடையது ஓர் ஒலி உலகம்.

அந்த ஒலியைச் சற்று விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் மறைவுக்கான காரணமும் அதற்குள்தான் இருக்கிறது. பாட்டில் ஆண் குரல் ஏன் பழைய வானொலிப் பெட்டியிலிருந்து வருவதுபோல ஒலிக்கிறது? மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை. எண் குறைந்தால் தாழ்ந்த சுருதி, கூடினால் உயர்ந்த சுருதி. பழைய டெலிபோன் இதில் சுமார் 300 முதல் 3,400 வரையிலான பகுதியை மட்டுமே கடத்தும். கீழே இருக்கும் கனமும் மேலே இருக்கும் பளபளப்பும் வெட்டுப்பட்டுவிடும். ஹார்னின் குரலையும் இப்படித்தான் இருபுறமும் நறுக்கினார்கள். அதன்பின் கம்ப்ரஷன் செய்தார்கள். அதாவது உரத்த இடங்களை அமுக்கி, மெல்லிய இடங்களைத் தூக்கி, குரல் முழுவதையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். கிடார் கலைஞர்கள் மேடையில் பயன்படுத்தும் வாக்ஸ் ஆம்ப்ளிஃபயர் வழியாகவும் அந்தக் குரலைச் செலுத்தினார்கள். பின்னால் பெண் குரல்கள் வரும்போது ஒலி சட்டென்று விரிவதைக் கவனியுங்கள். டெபி டாஸ், லிண்டா ஜார்டிம் என்ற இருவரின் குரல்கள் அவை. ஹார்ன் பாடும்போது பழைய வானொலிக் காலம், அவர்கள் பாடும்போது தொலைக்காட்சிக் காலம். பாட்டின் கதையைச் சொற்களுக்கு முன்பே ஒலி சொல்லிவிடுகிறது. இயந்திரம்போலத் தட்டும் டிரம்ஸும் மனிதர் கையால் வாசித்ததுதான். துல்லியமாக அமையும்வரை திரும்பத் திரும்ப வாசிக்கவைத்தார் ஹார்ன்.

இதெல்லாம் மேடைக்குரிய திறமைகள் இல்லை. ரெக்கார்டிங் தியேட்டருக்குள் இரவு பகலாக உட்கார்ந்து செய்யும் வேலை. நம் திரையிசையில் கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து ஒலியைச் செதுக்குபவரையே கச்சேரி மேடையில் முன்வரிசைப் பாடகராக நிறுத்தினால் எப்படி இருக்கும்? பகிள்ஸின் நிலைமை அதுதான். முதல் ஆல்பம் வந்த காலத்தில் அவர்கள் கச்சேரிச் சுற்றுப்பயணமே போகவில்லை. தொலைக்காட்சியில் தோன்றி ரெக்கார்டுக்கு ஏற்ப வாயசைத்ததோடு சரி. ரசிகர் கூட்டம் உருவாவது மேடையில்தான். பாட்டை நேசித்த லட்சக்கணக்கானவர்களுக்கு அதைப் பாடிய மனிதரைத் தெரியாது. அடுத்த பாட்டு வந்தபோது தேடிப்போய் வாங்க ஒரு கூட்டம் சேர்ந்திருக்கவில்லை.

இதற்கு மேல் இன்னொரு திருப்பமும் நடந்தது. 1980இல் ‘யெஸ்’ என்ற மிகப் பெரிய ராக் குழுவிலிருந்து பாடகர் ஜான் ஆண்டர்சனும் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மேனும் விலகினார்கள். பகிள்ஸுக்கும் யெஸ்ஸுக்கும் ஒரே மேனேஜர், ப்ரையன் லேன். ஒரு பாடகரும் ஒரு கீபோர்டு கலைஞரும் தேவை. பகிள்ஸில் இருந்தவர்கள் சரியாக அந்த இருவர்தான்! இருவரும் யெஸ்ஸில் சேர்ந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளியான ‘டிராமா’ ஆல்பம் பிரிட்டனில் இரண்டாம் இடம் பிடித்தது. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் போன்ற பிரம்மாண்ட அரங்குகளில் பாடினார்கள். ஸ்டுடியோவில் வரிவரியாகப் பாடிச் சேர்த்தவர், ஆண்டர்சனின் உச்சஸ்தாயிப் பாடல்களை இரவுதோறும் நேரடியாகப் பாட வேண்டியிருந்தது. ஹார்னின் தொண்டை திண்டாடியது. பிரிட்டனில் பழைய ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். சுற்றுப்பயணம் முடிந்ததும் யெஸ் கலைந்தது. முதல் வெற்றியைக் கெட்டிப்படுத்தியிருக்க வேண்டிய ஓர் ஆண்டு இப்படி வேறொரு குழுவுக்குப் போய்விட்டது.

திரும்பி வந்து இரண்டாவது ஆல்பத்தைத் தொடங்கும் நேரத்தில் டௌன்ஸ் விலகி, யெஸ்ஸின் கிடார் கலைஞர் ஸ்டீவ் ஹோவுடன் ‘ஏஷியா’ என்ற புதுக் குழுவுக்குப் போனார். 1982இல் வெளியான ஏஷியாவின் முதல் ஆல்பம் அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. சரக்கு தீர்ந்தவர் செய்யும் வேலையா இது? ஹார்ன் ஏறக்குறையத் தனியாளாக ‘அட்வென்ச்சர்ஸ் இன் மாடர்ன் ரெக்கார்டிங்’ ஆல்பத்தை முடித்து 1981 இறுதியில் வெளியிட்டார். பிரிட்டனில் அது விலைபோகவில்லை. ஆனால் ஃபேர்லைட் என்ற புதிய கருவியோடு ஹார்ன் மல்லுக்கட்டிப் பழகியது இதில்தான். ஃபேர்லைட் ஒரு சாம்ப்ளர். எந்த ஒலியையும் பதிவு செய்து கீபோர்டு கட்டைகளில் ஏற்றி, வேண்டிய சுருதியில் வாசிக்கலாம். அன்று பிரிட்டனில் அதை வைத்திருந்தவர்கள் மிகச் சிலர்.

இந்த இடத்தில் ஹார்னின் மனைவியும் மேனேஜருமான ஜில் சின்க்ளேர் ஒரு வார்த்தை சொன்னார். பாடகராக இருந்தால் எப்போதும் இரண்டாம் வரிசையில்தான் நிற்பாய், தயாரிப்பில் இறங்கினால் உலகிலேயே முதல் ஆளாக வரலாம் என்ற பொருளில். கேட்கக் கசப்பான யோசனை. ஹார்ன் ஏற்றுக்கொண்டார். பகிள்ஸ் என்ற பெயர் அத்தோடு ஓய்வுக்குப் போனது.

பிறகு நடந்தது பாப் இசை வரலாறு. ஏபிசி குழுவின் ‘தி லெக்ஸிகான் ஆஃப் லவ்’ 1982இல் பிரிட்டனில் முதலிடம். மீண்டும் கூடிய யெஸ்ஸுக்கு ஹார்ன் தயாரித்துக் கொடுத்த ‘ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்’ 1984 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம். அதே மாதம் ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் ‘ரிலாக்ஸ்’ பிரிட்டனில் முதலிடம். அந்தக் குழுவின் ‘டூ ட்ரைப்ஸ்’ ஒன்பது வாரம் இறங்கவே இல்லை. கிரேஸ் ஜோன்ஸின் ‘ஸ்லேவ் டு தி ரிதம்’ 1985இல் வந்தபோது அதை எழுதியவர்களில் ஒருவர் பழைய நண்பர் ப்ரூஸ் வூலி. சீல் பாடிய ‘கிஸ் ஃப்ரம் எ ரோஸ்’ 1996இல் கிராமி விருது வாங்கியது. எண்பதுகளின் பிரிட்டிஷ் பாப் இசைக்குப் பளபளப்பான, பிரம்மாண்டமான ஓர் ஒலி உண்டென்றால் அதில் பெரும்பங்கு இந்த மனிதருடையது. உங்கள் மகனின் பட்டியலில் இவற்றில் நாலைந்தாவது நிச்சயம் இருக்கும்.

பகிள்ஸ் என்ற பெயரில் முழு அளவிலான முதல் கச்சேரி லண்டனில் 2010 செப்டம்பரில்தான் நடந்தது, பாட்டு வந்து 31 ஆண்டுகள் கழித்து.

ஆகவே, வாசகி அவர்களே, மகனிடம் நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்: அவர்கள் சரக்கு தீர்ந்து மறையவில்லை. ஸ்டுடியோவுக்காகவே பிறந்த இரண்டு பேர் தங்களுக்குப் பொருந்தாத மேடையை விட்டுவிட்டு, ஒருவர் இன்னொரு குழுவுக்கும் மற்றவர் கண்ணாடிக்குப் பின்னாலும் போய்விட்டார்கள். என்னைக் கேட்டால் ‘தி ஏஜ் ஆஃப் பிளாஸ்டிக்’ ஆல்பத்தை முழுசாக ஒருமுறை கேளுங்கள். மொத்தமே எட்டுப் பாட்டுகள்தான். ‘எல்ஸ்ட்ரீ’யைத் தவறவிடாதீர்கள். 55ஆம் இடத்தோடு நின்ற அந்தப் பாட்டு, முதலிடம் பிடித்த பாட்டுக்குச் சற்றும் குறைந்தது இல்லை.